கறி என்றால் என்ன? கொழும்புச் சமையலறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்துக்குள்ளேயே யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள், வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கிறார்கள். பேசுவது எல்லாரும் தமிழ்தான். ஆனால் சமையல் பேச்சு தொடங்கி ‘கறி’ என்ற சொல் வந்துவிட்டால், ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு வேறாகக் கேட்கிறது. என்னிடம் மறுபடி மறுபடி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“கறின்னா மட்டன், சிக்கன்தானே? நீங்க ஏன் கத்தரிக்காயைக் கறின்னு சொல்றீங்க?”

தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குக் கறி என்றால் இறைச்சி. கறிக்கடை, கறிக்குழம்பு, கறிவிருந்து எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. இலங்கைத் தமிழில் கறி என்பது சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதற்காகத் தூளோ தேங்காய்ப்பாலோ இட்டுச் சமைத்த எதுவும். கத்தரிக்காய்க் கறி, பருப்புக் கறி, முட்டைக் கறி, மீன் கறி, கோழிக் கறி என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். இறைச்சிக்குத் தனியாக ‘இறைச்சி’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே இங்கே ‘இறைச்சிக் கறி’ என்று சொன்னால் ஒரே பொருளை இரண்டு முறை சொன்னதாக ஆகாது.

சட்டியில் என்ன பொருள் போட்டோம் என்பதைக் கறி என்ற சொல் சொல்வதில்லை. சாப்பாட்டுத் தட்டில் அதன் இடம் எது என்பதைத்தான் சொல்கிறது. இது பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

“அப்படியெண்டால் சோத்தோட சாப்பிடுற எல்லாமே கறியா? சம்பலும் பப்படமும்கூடவா?”

இல்லை. சம்பல், பச்சடி, ஊறுகாய், பப்படம், மோர்மிளகாய் இவையெல்லாம் தட்டின் ஓரத்துக்கு உரியவை. இவற்றைக் கறி என்று யாரும் சொல்வதில்லை. சொதியும் (தேங்காய்ப்பாலில் நீர்க்க வைப்பது) ரசமும் கறிக் கணக்கில் வராது, அவற்றைக் கடைசியில் விட்டுச் சாப்பிடுகிறோம். ‘மூண்டு கறியும் சொதியும்’ என்று வீட்டில் எண்ணும்போது சொதி தனியாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வறையும் (காயைத் தேங்காயோடு நீர் வற்றச் சமைப்பது) பொரியலும் கொஞ்சம் இடைப்பட்டவை. ‘என்ன கறி?’ என்று பொதுவாகக் கேட்டால் அவற்றையும் சேர்த்தே பதில் சொல்வோம். ஆனால் பெயர் சொல்லும்போது கோவா (முட்டைக்கோசு) வறை கோவா வறைதான், ‘கோவாக் கறி’ என்றால் அது வேறு சமையல்.

“கறிக்கும் குழம்புக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் தண்ணியாத்தானே இருக்கு?”

குழம்பில் புளி முன்னுக்கு நிற்கும். பழப்புளியைக் கரைத்து விட்டு, வெங்காயமும் வெந்தயமும் வதக்கி, தூள் போட்டு உறைப்பும் புளிப்புமாகக் காய்ச்சுவது குழம்பு. மீன் குழம்பு, பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு என்பவை அப்படி. கறியில் புளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குழம்பைவிடத் தடிப்பாக இருக்கும், காயோ மீனோ முன்னுக்குத் தெரியும்.

இந்த எல்லை வீட்டுக்கு வீடு நகரும். ஒரு வீட்டில் ‘மீன் கறி’ என்பதைப் பக்கத்து வீட்டில் ‘மீன் குழம்பு’ என்பார்கள், சட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதற்காக வாதாடத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் ‘கறிக்குழம்பு’ என்பது இறைச்சிக் குழம்பு என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

“பொரியல் செய்யச் சொன்னேன், எண்ணெயில போட்டு மொறுமொறுன்னு பொரிச்சு வச்சிருக்காங்க. ஏன்?”

சென்னையிலிருந்து வந்தவர்கள் வீட்டு உதவிக்கு வருபவர்களிடம் சமையலை ஒப்படைக்கும்போது அடிக்கடி நடப்பது இது. இங்கே பொரிப்பது என்றால் கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுப்பது. கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், மீன் பொரியல் எல்லாம் அப்படித்தான் வரும். நீங்கள் நினைத்த பொரியலுக்கு, அதாவது காயைப் பொடியாக நறுக்கி, தேங்காய் சேர்த்து நீர் வற்றச் சமைப்பதற்கு, இங்கே ‘வறை’ என்று பெயர். கோவா வறை, முருங்கை இலை வறை, சுறா வறை என்று கீரையிலும் மீனிலும்கூட உண்டு. கீரையில் செய்ததைக் கொழும்பில் சிலர் ‘சுண்டல்’ என்பார்கள், சிங்களத்தில் அதற்கு ‘மல்லும்’. தமிழ்நாட்டில் சுண்டல் என்றால் கடலைதான் நினைவுக்கு வரும் என்பதால் அங்கேயும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது.

குழம்பு வற்றி, தூளும் எண்ணெயும் துண்டுகளில் ஒட்டிப் பிடிக்கும்வரை பிரட்டி எடுப்பது ‘பிரட்டல்’. கோழிப் பிரட்டலும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் புட்டுக்கும் பாணுக்கும் (கடை ரொட்டிக்கும்) நன்றாகப் பொருந்தும்.

“வெள்ளைக் கறி, பால் கறி, சொதி மூண்டும் ஒண்டுதானே அன்ரி?”

முதல் இரண்டும் ஒன்று. மிளகாய்த்தூள் போடாமல், பச்சை மிளகாயும் மஞ்சளும் வெந்தயமும் போட்டுத் தேங்காய்ப்பாலில் சமைப்பதுதான் வெள்ளைக் கறி. அதையே பால் கறி என்றும் சொல்கிறோம். உருளைக்கிழங்கு, பூசணிக்காய், வெண்டைக்காய், ஈரப்பலாக்காய் எல்லாவற்றிலும் வைக்கலாம். காய் வேகும்போது இரண்டாம் பால், அதாவது கப்பிப்பால் போதும். தடித்த முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும்.

சொதி அதைவிட நீர்த்தது. இடியப்பத்தை ஊறவைக்கும் அளவுக்குத் தண்ணீராக இருக்கவேண்டும். இறக்கியபின் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விடுவது சொதிக்குரிய பழக்கம், அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரையும். சிங்களத்தில் இதற்குக் ‘கிரிஹொதி’ என்று பெயர்.

“மரக்கறி எண்டால் சந்தையில வாங்குற பச்சைக் காயா, இல்லாட்டிச் சமைச்ச கறியா?”

இரண்டும்தான், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ‘மரக்கறி விலை ஏறிவிட்டது’ என்றால் சந்தைப் பொருள். தமிழ்நாட்டில் காய்கறி என்பார்கள். ‘இன்றைக்கு மரக்கறி’ என்றால் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை இல்லாத சமையல். ‘அவர் மரக்கறி’ என்றால் அவர் அவற்றைச் சாப்பிடாதவர்.

பச்சைக் காயையே ‘கறி’ என்று சொல்வது பழைய வழக்கம். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழி தமிழ்நாட்டிலும் இங்கேயும் ஒன்றுதான். அதில் வரும் கறி இறைச்சியாக இருக்கவே முடியாது, சுரைக்காயைத்தானே சமைக்கப் போகிறார்கள்? கறி என்றால் இறைச்சி மட்டுமே என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பழமொழியைத்தான்.

“சைவம் எண்டு சொன்னாப் போதாதா? ஏன் மரக்கறி எண்டு சொல்லவேணும்?”

போதும். கொழும்பில் சைவக் கடை என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் சைவம் சமயத்தின் பெயரும்கூட. ‘நாங்கள் சைவம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் சமயத்தைச் சொல்கிறாரா சாப்பாட்டைச் சொல்கிறாரா என்ற சந்தேகம் வரும். சைவ சமயத்தவர் பலர் வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர மற்ற நாளில் மச்சம் சாப்பிடுபவர்கள். மச்சம் என்பது மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து யாழ்ப்பாணத்தார் சொல்வது. விருந்தினரிடம் கேட்கும்போது ‘மரக்கறியா, மச்சமா?’ என்று கேட்டால் குழப்பமில்லை.

“மரக்கறிச் சாப்பாடு எண்டு கேட்டுத்தான் வாங்கினேன். பருப்புக்குள்ள ஏதோ மீன் துகள் மாதிரி இருக்கே?”

அது மாசியாக இருக்கும். சூரை போன்ற மீனை அவித்து, புகையிலும் வெயிலிலும் கல்லுப்போலக் காயவைத்தது மாசிக் கருவாடு. சிங்களத்தில் ‘உம்பலகட’. மாலைதீவு அதற்குப் பெயர்போனது. இடித்துத் தூவினால் ருசி ஏறும் என்பதால் தேங்காய்ச் சம்பல், பருப்பு, போஞ்சிக் கறி, மல்லும் என்று பலவற்றிலும் சேர்ப்பது சிங்களச் சமையலில் சாதாரணம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. காய்தான் முக்கியப் பொருள் என்பதால் அவருக்கு அது மரக்கறிதான்.

முழுக்க மரக்கறி சாப்பிடுபவர்கள் சைவக் கடையல்லாத இடத்தில் வாங்கும்போது ‘மாசி போடாததா?’ என்று சேர்த்துக் கேட்கவேண்டும். சிங்களத்தில் ‘உம்பலகட நத்துவ’ என்றால் மாசி இல்லாமல் என்று பொருள். விரதகாலத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள், குறிப்பாகச் சம்பலுக்கு.

“பார்சல் எடுக்கப் போனா, ‘என்ன கறி?’ன்னு கேக்கறாங்க. ஆனா காய்கறி எல்லாம் அவங்களே போட்டுட்டாங்க. அப்ப கேட்டது எதை?”

கொழும்பு மதியச் சோற்றுப் பார்சலில் சோற்றோடு மூன்று நான்கு மரக்கறிகள் பொதுவாகவே வரும். பெரும்பாலும் பருப்பு, ஒரு காய், ஒரு கீரை, கூடவே சம்பலோ பப்படமோ இருக்கும். அதற்குமேல் மீன், கோழி, முட்டை என்று ஒன்றை நீங்கள் தெரிந்தெடுக்கிறீர்கள். விலை மாறுவதும் அதனால்தான். ‘என்ன கறி?’ என்று கேட்பது அந்தத் தெரிவைத்தான். ‘மீன்’ அல்லது ‘முட்டை’ என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதும். எதுவும் வேண்டாம் என்றால் ‘மரக்கறி’.

ஆக, கடை வாசலில் கறி என்பதன் பொருள் கொஞ்சம் சுருங்கித்தான் போகிறது. முதற்பதிலில் சொன்ன விரிந்த பொருள் வீட்டுப் பேச்சுக்கு உரியது.

“இறைச்சிக் கறி எண்டு எழுதியிருக்கு. ஆடா, மாடா?”

கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. யாழ்ப்பாணத்து வீட்டில் வெறுமனே ‘இறைச்சி’ என்றால் பெரும்பாலும் ஆட்டிறைச்சி. பல முஸ்லிம் கடைகளில் அதே சொல் மாட்டிறைச்சியைக் குறிக்கும். இருவரும் தங்கள் பேச்சில் சரியாகத்தான் சொல்கிறார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டால் யாரும் குறை நினைப்பதுமில்லை. வீட்டு விருந்துக்கு அழைப்பவர்கள் தாங்களே ‘ஆட்டிறைச்சிக் கறி’ என்று முழுதாகச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

“கறித்தூள் எண்டால் கறிவேப்பிலையை அரைச்ச தூளா?”

வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கேட்பது இது. இல்லை. கறித்தூள் என்றால் கறிக்குப் போடும் தூள், அதில் முக்கியமானது மல்லி. கறிவேப்பிலை என்றால் கறிக்குப் போடும், வேம்பைப்போன்ற இலை. சில கறித்தூள்களில் கறிவேப்பிலையையும் வறுத்துச் சேர்த்து அரைப்பார்கள். அது வாசனைக்கு மட்டுமே.

“கடையில வறுத்த கறித்தூள், வறுக்காத கறித்தூள் எண்டு ரெண்டு பைக்கற் இருக்கு. எதுக்கு எது?”

இவை இரண்டும் தென்னிலங்கைப் பழக்கத்தில் வந்தவை. சிங்களத்தில் ‘துனபஹ’ என்பார்கள். இரண்டிலும் மல்லி அதிகம், அதைவிடக் குறைவாகச் சீரகம், இன்னும் குறைவாகப் பெருஞ்சீரகம். வறுக்காத தூளில் பொருள்களை வெயிலிலோ மெல்லிய சூட்டிலோ காயவைத்து அரைப்பார்கள். நிறம் வெளிறி இருக்கும், மரக்கறிக்கும் பருப்புக்கும் ஏற்றது. வறுத்த தூளில் ஒவ்வொன்றையும் கபில நிறம் வரும்வரை வறுத்து, கறுவா, கராம்பு, ஏலம் போன்றவையும் சேர்த்து அரைப்பார்கள். இறைச்சி, கோழி, பலாக்காய் போன்றவற்றுக்கு அது.

கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த இரண்டிலும் பெரும்பாலும் மிளகாய் இருக்காது. உறைப்புக்கு மிளகாய்த்தூளைத் தனியாகப் போடவேண்டும். பைக்கற்றின் பின்பக்கத்தில் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

“யாழ்ப்பாணத்துச் சமையல் குறிப்பில மூண்டு மேசைக்கரண்டி தூள் எண்டு இருந்தது. கொழும்புக் கறித்தூளைப் போட்டன், உறைப்பே இல்லை. ஏன்?”

மேலே சொன்னதுதான் காரணம். யாழ்ப்பாணத்துத் தூளில் மிளகாய் உள்ளேயே இருக்கிறது. செத்தல் மிளகாயும் மல்லியும் ஏறக்குறையச் சம எடையில் எடுத்து, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்து, நன்றாக வறுத்து இடித்த தூள் அது. அங்கே அதை வெறுமனே ‘தூள்’ என்றோ ‘மிளகாய்த்தூள்’ என்றோ சொல்வதும் உண்டு. கொழும்புக் கடையில் மிளகாய்த்தூள் என்றால் வெறும் மிளகாய் மட்டும். ஆகவே பிழை மறுபக்கமும் நடக்கும். யாழ்ப்பாணக் குறிப்பில் ‘மிளகாய்த்தூள் மூன்று கரண்டி’ என்பதை நம்பி வெறும் மிளகாயை அள்ளிப் போட்டால் வாயில் வைக்கமுடியாது.

வழி இதுதான்: குறிப்பு எந்த ஊர்க்காரருடையது என்று முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத் தூள் கையில் இல்லாவிட்டால், வறுத்த கறித்தூளில் ஒரு பங்கும் மிளகாய்த்தூளில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும் கலந்து தொடங்குங்கள். வாசம் அப்படியே வராது, உறைப்பு கிட்ட வரும். வெள்ளவத்தைக் கடைகளில் யாழ்ப்பாணக் கறித்தூள் என்று பெயரிட்டே விற்கிறார்கள், அதை ஒரு பைக்கற் வைத்திருப்பதே சுலபம்.

“பிள்ளை பெத்த வீட்டில ‘சரக்குக் கறி’ வச்சுக் குடு எண்டு மாமி சொன்னா. அது என்ன கறி?”

பத்தியக் கறி என்பதும் இதைத்தான். இங்கே சரக்கு என்பது மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், பெருஞ்சீரகம் போன்ற மருந்துக்கும் சமையலுக்கும் பொதுவான பொருள்கள். மிளகாயை விலக்கி, உறைப்புக்கு மிளகை வைத்து, உள்ளி (பூண்டு) நிறையப் போட்டு வைக்கும் கறி அது. சின்ன மீன், கருவாடு, முருங்கைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய் என்று எதில் வைப்பது என்பது குடும்பப் பழக்கத்தைப் பொறுத்தது. எதை எப்போது கொடுக்கலாம் என்பதில் மாமியின் சொல்லோடு மருத்துவரின் சொல்லையும் கேளுங்கள்.

நான் இந்தக் கறியை மிக விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மிளகாய் இந்தப் பக்கம் வருவதற்கு முன் நம் கறிகள் எப்படி ருசித்திருக்கும் என்பதற்கு இன்று நம் கையில் இருக்கும் நெருங்கிய சாட்சி இதுதான். இதைப்பற்றிக் கீழே மிளகுக் கேள்வியில் மறுபடி வருகிறேன்.

“இந்தியச் சமையல் வீடியோ பார்த்துச் செய்யப் பாக்கிறன். சோம்பு, பட்டை எண்டு சொல்லீனம். எங்கட கடையில என்னெண்டு கேக்கிறது?”

சோம்பு இங்கே பெருஞ்சீரகம். பட்டை என்பது கறுவா. கிராம்பைக் கராம்பு என்போம். பூண்டுக்கு உள்ளி, காய்ந்த மிளகாய்க்குச் செத்தல் மிளகாய், முட்டைக்கோசுக்குக் கோவா, பீன்சுக்குப் போஞ்சி, புளிக்குப் பழப்புளி என்று கேளுங்கள். கறுவா விஷயத்தில் ஒன்று: அங்கே பட்டை என்று கிடைப்பது பல இடங்களில் தடித்த, காரமான வேறு மரத்தின் பட்டை. இலங்கைக் கறுவா மெல்லிய சுருள், வாசம் மென்மையானது.

மறுபக்கத்துக்கும் ஒரு குறிப்பு. நாங்கள் ‘தேங்காய்ப்பூ’ என்பது துருவிய தேங்காய். சென்னைக்காரருக்கு அது முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் வெள்ளைப் பந்து. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ கேட்டு அனுப்பும்போது ‘துருவினது’ என்று சொல்லிவிடுங்கள்.

“கறி மிளகாய் எண்டு மரக்கறிக் கடையில எழுதியிருக்கு. எல்லா மிளகாயும் கறிக்குத்தானே?”

இது ஒரு தனி வகை. நீளமாக, வெளிர்பச்சையாக, சதைப்பிடிப்பாக, உறைப்புக் குறைவாக இருக்கும். மற்ற மிளகாய் கறிக்கு உறைப்புக் கொடுக்க, இதை மட்டும் காய்போலவே கறி வைத்துச் சாப்பிடலாம், அதனால்தான் இந்தப் பெயர். சிங்களத்திலும் ‘மாலு மிரிஸ்’, அங்கும் முதல் சொல்லுக்குக் கறி என்ற பொருளே. கறிவாழையும் அப்படித்தான்: பழுக்கவிட்டுச் சாப்பிடாமல் காயாகவே சமைப்பதற்கென்று உள்ள வாழை.

“எங்கட கூட்டாளி வீட்டில ‘ஆணம்’ எண்டு சொல்றாங்க. அதுவும் கறியா?”

ஆணம் என்பது முஸ்லிம் வீடுகளிலும் கிழக்கு மாகாணத்திலும் வழங்கும் நல்ல தமிழ்ச் சொல். குழம்பு, நீர்த்த கறி என்று அதற்குப் பொருள். பாலாணம் தேங்காய்ப்பாலில் வருவது, புளியாணம் புளியில் வருவது. தமிழ்நாட்டு முஸ்லிம்களிடமும் இந்தச் சொல் இருக்கிறது. கொழும்பில் மருதானை, புறக்கோட்டைப் பக்கம் விருந்துக்குப் போனால் காதில் விழும். யாழ்ப்பாணத்தாரின் சொதியும் இவர்களின் பாலாணமும் உறவுக்காரர்தான்.

“கறி ‘சமைக்கிறதா’, ‘வைக்கிறதா’, ‘காய்ச்சிறதா’, ‘ஆக்கிறதா’? எது சரி?”

நாலும் சரி. யாழ்ப்பாணத்தார் கறி காய்ச்சுவார்கள். மட்டக்களப்பிலும் முஸ்லிம் வீடுகளிலும் சோறு கறி ஆக்குவார்கள். கறி வைப்பது எல்லா இடத்திலும் கேட்கும். சமைப்பது எழுத்துக்கும் பொதுப் பேச்சுக்கும் உரியது. ‘கறி செய்வது’ மட்டும்தான் என் காதுக்கு ஒட்டுவதில்லை. பலகாரத்தைச் செய்கிறோம், கறியை வைக்கிறோம்.

“கரி, கறி எது எது? ‘கத்தரிக்காய் கறி’யா, ‘கத்தரிக்காய்க் கறி’யா?”

அடுப்பில் எரிவது இடையின ர போட்ட கரி. சட்டியில் இருப்பது வல்லின ற போட்ட கறி. உணவுக்கடைப் பலகைகளில் ‘மீன் கரி’ என்று எழுதியிருப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. பலகை எழுதுபவரிடம் கொடுக்கும் தாளிலேயே சரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பெயரோடு சேரும்போது கத்தரிக்காய்க் கறி, கோழிக் கறி, பருப்புக் கறி என்று க் மிகும். மீன் கறி, நண்டுக் கறி, இறால் கறி என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எங்கே மிகும் என்று நாக்கே சொல்லிவிடும்.

“சங்க இலக்கியத்தில கறின்னா மிளகுன்னு படிச்சேன். நிஜமா?”

நிஜம். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனரின் கப்பல் முசிறிக்கு ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று வருகிறது. பொன்னைக் கொடுத்து அவர்கள் ஏற்றிக்கொண்டு போன கறி மிளகுதான். குறுந்தொகையில் ‘கறிவளர் அடுக்கத்து’ என்று மிளகுக்கொடி படர்ந்த மலைச்சாரல் வருகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது ‘காலின் வந்த கருங்கறி மூடையும்’ என்று வண்டியில் வந்த மிளகு மூட்டையைச் சொல்கிறது. அதே பட்டியலில் சில அடிகள் தள்ளி ‘ஈழத்து உணவும்’ வருகிறது. கறியும் ஈழத்துச் சாப்பாடும் ஒரே தெருவில் இறங்கியதாக ஒரு பழம்பாட்டு சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மிளகின் பெயர் எப்படிச் சாப்பாட்டின் பெயரானது? மிளகிட்டுச் சமைத்ததால் கறி என்பவர்கள் இருக்கிறார்கள். ‘கறித்தல்’ என்றால் கடித்துத் தின்பது, அந்த வினையிலிருந்துதான் காய்க்கும் இறைச்சிக்கும் பெயர் வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழியும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை, மிளகும் கடித்தால்தானே உறைக்கும். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கீசரோடு இங்கே வந்தது 16ஆம் நூற்றாண்டில். அதுவரை உறைப்பு என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயரே மிளகுபோல உறைக்கும் காய் என்று நாம் வைத்ததுதான்.

“ஆங்கிலக்காரர் சொல்லுற ‘கரி’ எங்கட கறிதானா?”

ஆம், போர்த்துக்கீசர் வாய்வழியாகப் போனது. அதற்கு ஒரு பழைய சாட்சி நம் நாட்டிலிருந்தே கிடைக்கிறது. ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி 1660இல் பிடிபட்டு, கண்டி அரசில் ஏறக்குறைய இருபது வருடம் இருந்து, 1679இல் தப்பிப் போனார். 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை நூலில், இங்கே பழங்களைப் பழுக்குமுன் பறித்து அவித்துக் கறி ஆக்குகிறார்கள் என்கிறார். அது போர்த்துக்கீசரின் சொல் என்று குறிப்பிட்டு, சோற்றோடு சேர்த்து ருசிக்காகச் சாப்பிடுவது என்று பொருளும் சொல்கிறார்.

அந்த விளக்கத்தை முதற்பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறைச்சி என்ற பேச்சே இல்லை, காயில் வைத்ததைத்தான் சொல்கிறார். இன்றைய கொழும்பு வீட்டில் பலாக்காய்க் கறியை எந்தப் பொருளில் சொல்கிறோமோ அதே பொருளை அந்தக் காலத்தில் ஒரு வெளியூரார் கேட்டு எழுதியிருக்கிறார்.

“அப்போ தமிழ்நாட்டுக்காரங்க சொல்றது தப்பா?”

தப்பில்லை. இறைச்சி என்ற பொருளும் பழையதுதான், அங்கே அது மற்றதைவிட மேலோங்கி நின்றது. அங்கேயும் பழைய விரிந்த பொருள் முழுதாகப் போய்விடவில்லை. மரக்கறி மட்டும் உண்ணும் அந்தணர் வீடுகளில் வாழைக்காய்க் கறி என்பது அன்றாடச் சொல். வைணவர் வீட்டில் கறியமுது, பேச்சில் ‘கறமது’ என்பார்கள். மலையாளத்திலும் நம்மைப்போலவே காயோ மீனோ எதுவும் கறிதான். ‘காய்கறி’ என்ற சொல்லைச் சென்னைக்காரர் தினமும் சொல்கிறார்களே, அதற்குள் இருக்கும் கறி எந்த ஆட்டுடையது?

மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த சில குடும்பங்களில் இரண்டு பொருளும் சேர்ந்தே வழங்கும். பருப்பும் கறி, ஞாயிற்றுக்கிழமை எடுப்பதும் கறி. அவர்களுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை.

“மகளின்ர கலியாணத்துக்குச் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகினம். சாப்பாட்டுப் பட்டியலை எப்பிடி எழுதுறது?”

‘கறி’ என்று தனியாக எங்கும் எழுதவேண்டாம். எதில் வைத்தது என்று சேர்த்தே எழுதுங்கள்: உருளைக்கிழங்குப் பால் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, கோவா வறை, பருப்புக் கறி. முன்னே காய் நின்றுவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பொரியல் என்று எழுதுவதானால் ‘வாழைக்காய்ப் பொரியல்’ என்பதற்குப் பதில் ‘பொரித்த வாழைக்காய்’ என்று எழுதுங்கள், அது இரு பக்கமும் ஒரே மாதிரிப் புரியும். பட்டியலின் தலைப்பில் ‘மரக்கறி விருந்து’ என்பதோடு ‘சைவ உணவு’ என்றும் சேர்த்துவிடலாம். மரக்கறி என்ற சொல் சில விருந்தினருக்குப் பழக்கமில்லாமல் இருக்கும், அதன் வாலில் உள்ள கறியைப் பார்த்துத் தயங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மறுநாள் வீட்டில் மச்சச் சாப்பாடு கொடுப்பதாக இருந்தால், ஆடு, கோழி, மீன் என்று விலங்கின் பெயரைச் சொல்லி அழையுங்கள். சமையல்காரரிடம் கொடுக்கும் தாளில் கறித்தூள் எந்த ஊர்த் தூள் என்பதையும் எழுதிவிடுங்கள். கொழும்புச் சமையல்காரர் யாழ்ப்பாணத் தூளைக் கொழும்புத் தூளின் அளவில் போட்டால், சென்னை உறவினர் மட்டுமல்ல, நம்மவர்களும் தண்ணீர் கேட்பார்கள்.